ஆர்டுயினோ ஈதர்நெட் ஷீல்டு அடம் பிடிக்குதா? புரோகிராம் கோடைத் தொடாம கீழ இருந்து மேல வர்ற முழு வழிகாட்டி

சீரியல் மானிட்டரை, அதாவது போர்டு அனுப்புற எழுத்தை கம்ப்யூட்டர்ல காட்டுற விண்டோவை, திறந்தா ஐபி இருக்க வேண்டிய இடத்துல 0.0.0.0-ன்னு ஒரு வரி வந்து நிக்கும், அதுக்கப்புறம் ஒண்ணும் வராது. ஈதர்நெட் ஷீல்டு (ஆர்டுயினோ போர்டு மேல சொருகி நெட்வொர்க் கேபிள் மாட்ட வைக்கிற போர்டு) வாங்குன எல்லாருக்கும் இந்த வரி பழக்கமாத்தான் இருக்கும். எனக்கும் அப்படித்தான், மொட்டை மாடித் தொட்டியில தண்ணி எவ்ளோ இருக்குன்னு கீழ உக்காந்துகிட்டே போன்ல பாக்கணும்னு ஆசைப்பட்டு ஒரு ஆர்டுயினோ ஊனோ போர்டும் ஒரு விலை கம்மியான ஷீல்டும் வாங்கினேன், ரெண்டு சாயங்காலம் முழுக்க கோடை மாத்தி மாத்தி எழுதுனேன், லைப்ரரியை (ஷீல்டை ஓட்டுற ரெடிமேட் கோடு) அழிச்சு திரும்பப் போட்டேன், ரௌட்டரை வேற ரீசெட் பண்ணி வீட்ல எல்லார்கிட்டயும் திட்டு வாங்குனேன். கடைசியில பார்த்தா கோட்ல ஒரு எழுத்துகூட தப்பு இல்ல. போர்டுல ஒட்டியிருந்த அரிசி சைஸ் ரெசிஸ்டர் ஒண்ணுதான் தப்பு. அந்தக் கதை கீழ வருது.

அதனால ஒரே ஒரு விஷயம் கேளுங்க. கோடை மூடி வைங்க. பவர், சொருகல், பின்னு, சிப்பு, கேபிள், ஐபி, கோடு, இந்த வரிசையில கீழ இருந்து மேல வாங்க. ஒரு படி சரின்னு உறுதியாகாம அடுத்த படிக்குப் போகாதீங்க, ரெண்டு படியை ஒண்ணா மாத்துனா எது சரி பண்ணுச்சுன்னே தெரியாது.

கையில இருக்கிறது என்ன சிப்பு

ஷீல்டுன்னு பொதுவா சொல்றோம், ஆனா உள்ள இருக்கிற சிப்பு வேற வேற. நடுவுல இருக்கிற பெரிய கறுப்பு சிப்பு மேல என்ன எழுதியிருக்குன்னு போன் கேமராவை ஜூம் பண்ணிப் படிங்க. டபிள்யூ5100-ன்னா பழைய ஷீல்டு, டபிள்யூ5500-ன்னா புதுசு (ஆர்டுயினோவோட ஈதர்நெட் ஷீல்டு 2-ல இருக்கிறது இதுதான்), ரெண்டுமே கொரியாவுல இருக்கிற விஸ்நெட் கம்பெனி சிப்பு. டிசிபி ஐபி (நெட்வொர்க்ல பேசுற விதிமுறை) வேலையை எல்லாம் சிப்புக்குள்ளயே பண்ணிடும், ஊனோ பாவம் வெறும் எஸ்பிஐ (போர்டும் சிப்பும் பேசிக்கிற வயர் ரோடு) வழியா கொடு வாங்குன்னு பேசுனா போதும்.

ஈஎன்சி28ஜே60-ன்னு எழுதியிருந்தா அது வேற ஜாதி. மைக்ரோசிப் கம்பெனியோடது, டிசிபி ஐபி எல்லாம் ஊனோதான் சுமக்கணும், ஆர்டுயினோ கூட வர்ற ஈதர்நெட் லைப்ரரி அதுக்கு வேலையே செய்யாது. நிறைய பேர் இந்த இடத்துலதான் மாட்டுறாங்க, போர்டு அது, லைப்ரரி இது. அதுக்கு யூஐபிஈதர்நெட், ஈதர்கார்டு, ஈதர்நெட்ஈஎன்சி மாதிரி தனி லைப்ரரி இருக்கு. இன்னொரு கொடுமை என்னன்னா ஈதர்கார்டு சிஎஸ் பின்னை (இப்போ உன்கிட்டதான் பேசுறேன்னு சிப்புக்குச் சொல்ற பின்னு) 8-ன்னு எடுத்துக்கும், யூஐபிஈதர்நெட் 10-ன்னு எடுத்துக்கும், ஒரு லைப்ரரிக்கு வயர் பண்ணிட்டு இன்னொண்ணை ஓட்டுனா செத்த மாதிரிதான் கிடக்கும்.

விஸ்நெட் சிப்புன்னா லைப்ரரி மேனேஜர்ல போய் ஈதர்நெட் லைப்ரரி 2.0.0 அல்லது அதுக்கு மேல இருக்கான்னு பாருங்க. 2-க்கு முன்னாடி இருந்த பழைய லைப்ரரிக்கு 5500-ன்னா என்னன்னே தெரியாது. புதுசு மூணு சிப்பையும், அதாவது 5100, 5200, 5500, தானாவே கண்டுபிடிச்சுக்கும்.

பவர்

இந்த சிப்புங்க எல்லாமே பசிக்காரங்க. கேபிள் சொருகி ஓடும்போது தோராயமா 150 மில்லிஆம்ப் பக்கத்துல குடிக்கும். டபிள்யூ5100 தொட்டா நல்லா சுடும், அது நார்மல்தான், பயப்பட வேணாம். விரலை ரெண்டு செகண்டுகூட வைக்க முடியலைன்னா மட்டும் எங்கயோ ஷார்ட்டுன்னு சந்தேகப்படுங்க.

முன் பக்க யூஎஸ்பி போர்ட், பவர் இல்லாத ஹப்பு, சார்ஜ் மட்டும் போற மெல்லிசு கேபிள், இதெல்லாம் முதல் எதிரி. மல்டிமீட்டரை எடுத்து ஓடிக்கிட்டு இருக்கும்போதே 5 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல வைங்க. 4.75-க்குக் கீழ காட்டுச்சுன்னா கேபிளை மாத்துங்க, அப்புறம் பேசலாம். அடாப்டர்ல ஓட்டுறவங்களுக்கு ஒரு கணக்கு: 12 வோல்ட் கொடுத்தா ரெகுலேட்டர் மீதி 7 வோல்ட்டை சூடாத்தான் கழிக்கும், ஷீல்டும் ஊனோவும் சேர்ந்து 0.2 ஆம்ப் எடுத்தா 1.4 வாட், அவ்ளோ சின்ன ரெகுலேட்டருக்கு அது ரொம்ப ஜாஸ்தி. 9 வோல்ட் அடாப்டர்னா அதே இடத்துல 0.8 வாட்தான். பத்து நிமிஷம் நல்லா ஓடி அப்புறம் நின்னு, ஆறினதும் திரும்ப ஓடுற கேஸ் பாதிக்கு மேல இதுதான்.

ஷீல்டா இல்லாம குட்டி மாட்யூலா வாங்குனவங்க கவனிங்க. ஈஎன்சி மாட்யூலை ஊனோவோட 3.3 வோல்ட் பின்னுல இருந்து ஓட்டாதீங்க. அந்தப் பின்னு 50 மில்லிஆம்ப்தான் தாங்கும், மாட்யூல் அதைப்போல மூணு மடங்கு கேக்கும். லைட்டு எரியும், அதனால பவர் இருக்குன்னு நாம நம்பிடுவோம், ஆனா பாக்கெட் அனுப்புற நேரம் வோல்டேஜ் விழுந்துடும். தனியா ஒரு 3.3 வோல்ட் ரெகுலேட்டர் போட்டு, கிரவுண்டை மட்டும் ஊனோ கூட சேத்துடுங்க.

சொருகல்

ஷீல்டைக் கழட்டி திருப்பிப் பாருங்க. நடுவுல ஆறு ஓட்டை இருக்கிற கறுப்பு சாக்கெட் ஒண்ணு இருக்கும், ஊனோவோட ஐசிஎஸ்பி ஹெடர் (ஆறு பின்னு நிக்கிற இடம்) மேல போய் உக்காரும். டேட்டா போறதே இது வழியாத்தான், ஓரத்துல இருக்கிற 11, 12, 13 வழியா இல்ல. மெகா, லியோனார்டோன்னு வேற ஆர்டுயினோ போர்டும் இருக்கு, மெகாவுல எஸ்பிஐ 50, 51, 52-ல இருக்கும், லியோனார்டோல ஐசிஎஸ்பியில மட்டும்தான் இருக்கு, ஆனாலும் ஒரே ஷீல்டு எல்லாத்துலயும் ஓடுறது இந்த ஆறு பின்னாலதான். ஒரு பின்னு வளைஞ்சாலோ, சாக்கெட் முழுசா இறங்காம ஒரு மில்லிமீட்டர் தூக்கிட்டு நின்னாலோ அவ்ளோதான்.

அடுத்தது இன்னும் சில்லறைத்தனமான ஒரு பிரச்சினை. கேபிள் சொருகுற ஆர்ஜே45 சாக்கெட்டோட சால்டர் முனைங்க, ஷீல்டுக்கு அடியில, சரியா ஊனோவோட யூஎஸ்பி சாக்கெட் மேல வந்து நிக்கும். யூஎஸ்பி கூடு முழுக்க உலோகம், அதுவும் கிரவுண்டு. அழுத்தி சொருகுனா தொட்டுடும், அப்போ லைட்டு மங்கும், இல்ல கம்ப்யூட்டர் போர்டையே மறந்துடும். யூஎஸ்பி மேல ரெண்டு சுத்து இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க. நான் எந்த ஷீல்டு சொருகுனாலும் மொதல்ல டேப் ஒட்டிட்டுத்தான் சொருகுறேன்.

பின் சண்டை

ஷீல்டு 10-ஆம் பின்னை ஈதர்நெட் சிப்புக்கு வச்சிருக்கு, 4-ஆம் பின்னை எஸ்டி கார்டுக்கு. ரெண்டும் ஒரே எஸ்பிஐ ரோட்டுல போறவங்க, யாரோட பின்னு லோவுல இருக்கோ அவங்கதான் பேசணும். கார்டு சொருகியிருந்து, நீங்க 4-ஐக் கண்டுக்காம விட்டீங்கன்னா, அது பாட்டுக்கு குறுக்க பேசும். அதனால கார்டு பயன்படுத்தலைன்னாலும் செட்டப்ல முதல் வரியா 4-ஐ அவுட்புட் பண்ணி ஹை போட்டுடுங்க. சோதிக்கிற வரைக்கும் கார்டைக் கழட்டி வச்சுட்டா இன்னும் நல்லது.

மெகா வச்சிருக்கவங்க 53-ஐ அவுட்புட்டா வச்சிருக்கணும், அது இன்புட்டா இருந்து லோ ஆச்சுன்னா மெகா தன்னை ஸ்லேவ்னு நினைச்சு எஸ்பிஐயை விட்டுடும்.

அப்புறம் எல்லாருக்கும் பிரியமான 13-ஆம் பின் எல்இடி. அது எஸ்பிஐயோட கிளாக் பின்னு, ஊனோவுல ஐசிஎஸ்பியோட கிளாக்கும் இதுவும் ஒரே வயருதான். போர்டு உயிரோட இருக்கான்னு பாக்க ஒரு பிளிங்க் போட்டு வைப்போம்ல, அந்த பிளிங்க்தான் கொல்லுது. எல்இடி வேணும்னா 6, 7-னு எங்கயாச்சும் போட்டுக்கோங்க.

பட்டன் அஞ்சு வச்ச எல்சிடி கீபேடு ஷீல்டை இதுமேல அடுக்குறவங்களுக்கு இன்னும் பரிதாபம், அது 4-ல இருந்து 10 வரைக்கும் மொத்தமா எடுத்துக்கும், எல்சிடி டேட்டா 4-ல, பேக்லைட் 10-ல. ரெண்டும் சேர்ந்து ஓடவே ஓடாது. எல்சிடிக்கு ரெண்டு வயர் ஐ2சி டைப் வாங்குங்க.

சிப்பு பேசுதா இல்லையா

இப்போதான் கம்ப்யூட்டர் பக்கம் வரோம். உங்க ப்ராஜெக்ட் கோடை ஓட்டாதீங்க. புதுசா காலி ஸ்கெட்ச் (ஆர்டுயினோ புரோகிராமுக்கு அதான் பேரு), உள்ள நாலே நாலு விஷயம்: 4-ஐ ஹை பண்றது, ஈதர்நெட் இனிட்ல 10 கொடுக்கிறது, மேக் அட்ரஸ் (நெட்வொர்க்ல போர்டோட அடையாள எண்ணு) மட்டும் கொடுத்து பிகின், அப்புறம் ஹார்ட்வேர்ஸ்டேட்டஸையும் லோக்கல்ஐபியையும் சீரியல்ல பிரிண்ட் பண்றது. பிகினுக்கு முன்னாடி "ஆரம்பம்"னு ஒரு வரி, பின்னாடி "முடிஞ்சது"ன்னு ஒரு வரி. முடிஞ்சா மில்லிஸையும் (போர்டு ஆன் ஆகி எத்தனை மில்லிசெகண்டு ஆச்சுங்கிற எண்ணு) கூட பிரிண்ட் பண்ணுங்க, ஏன்னா இங்க நேரம்தான் துப்பு.

மேக் மட்டும் கொடுத்தா பிகின் ரௌட்டர்கிட்ட டிஹெச்சிபியில (ரௌட்டர் தானாவே ஐபி கொடுக்கிற முறை) ஐபி கேக்கும். கிடைக்கலைன்னா 0 திருப்பித் தரும். ஆனா எவ்ளோ நேரம் கழிச்சு அந்த 0 வருதுன்னு பாருங்க. லைப்ரரி முதல்ல 560 மில்லிசெகண்டு சும்மா காத்திருக்கும், ஷீல்டுல இருக்கிற ரீசெட் சிப்பு வேலையை முடிக்கட்டும்னு. அப்புறம் சிப்பைத் தேடும். சிப்பே பதில் சொல்லலைன்னா அங்கயே கையை விரிச்சுடும், அதாவது ஒரு செகண்டுக்குள்ள "முடிஞ்சது" வந்துடும். சிப்பு இருக்கு, ஆனா ரௌட்டர்கிட்ட இருந்து பதில் வரலைன்னா, 60 செகண்டு முழுசா காத்திருந்துட்டுத்தான் 0 தரும்.

ஆக, உடனே தோத்தா பிரச்சினை ஊனோவுக்கும் சிப்புக்கும் நடுவுல: பவர், சொருகல், பின்னு, ரீசெட். ஒரு நிமிஷம் கழிச்சு தோத்தா பிரச்சினை சிப்புக்கும் ரௌட்டருக்கும் நடுவுல: கேபிள், லிங்க், ரௌட்டர். ரெண்டு சாயங்காலம் நான் வீணாக்குனதுக்குக் காரணம் இந்த வித்தியாசத்தைக் கவனிக்காததுதான். எனக்கு முழுசா ஒரு நிமிஷம் ஓடிட்டுத்தான் தோத்துச்சு, ஆனா நான் லைப்ரரியைக் குடைஞ்சுகிட்டு இருந்தேன்.

வயர்ல மாட்டுற 5500 மாட்யூலா இருந்தா இந்தப் படியில தோக்குறதுக்கு முக்காவாசி காரணம் வயருதான். 20 சென்டிமீட்டர் ஜம்பர் வயரைத் தூக்கிப் போட்டுட்டு பத்து சென்டிமீட்டருக்குள்ள வாங்கிப் போடுங்க, மோசி மிசோ (டேட்டா போற வயரும் வர்ற வயரும்) மாறியிருக்கான்னும் பாருங்க.

லிங்க் லைட்டும் அந்த 511-ம்

கேபிளை சொருகுனதும் ஷீல்டுல லிங்க் லைட்டு எரியணும், அந்தப் பக்கம் ரௌட்டர் போர்ட்லயும் எரியணும். 5500-ன்னா லிங்க்ஸ்டேட்டஸ் கேட்டு சாஃப்ட்வேர்லயே பாக்கலாம், 5100-ல அது எப்பவும் தெரியாதுன்னுதான் சொல்லும், சிப்புலயே அந்த வசதி இல்ல, அதனால கண்ணால லைட்டைத்தான் பாக்கணும். எரியலைன்னா முதல்ல லேப்டாப்ல ஓடுற கேபிள் ஒண்ணை எடுத்து மாத்திப் பாருங்க, ரௌட்டர்ல வேற போர்ட் பாருங்க. இதுலயே பாதிப்பேர் கரையேறிடுவாங்க.

எனக்கு ஏறலை. லைட்டு எரியும், அணையும், எரியும், அணையும். கோவத்துல எல்லாத்தையும் பையில போட்டு எடுத்துட்டு ஃப்ரெண்டு வீட்டுக்குப் போனேன். அவன் வீட்ல பழைய ரௌட்டர், சொருகுன உடனே ஐபி வந்துருச்சு. "மச்சான், உன் ரௌட்டர்தான்டா கெட்டுப் போச்சு"ன்னான். வீட்டுக்கு வந்தா திரும்ப செத்துப் போச்சு. ஆனா என் ரௌட்டர்ல லேப்டாப், டிவி எல்லாமே ஒழுங்கா ஓடுதே!

அப்போதான் ஷீல்டை டேபிள் லைட்டுக்கு அடியில வச்சு போன் கேமராவை ஜூம் பண்ணினேன். ஆர்ஜே45 சாக்கெட்டுக்குப் பக்கத்துல எட்டுக் கால் வச்ச ஒரு குட்டி கறுப்புத் துண்டு, மேல 511-ன்னு போட்டிருந்துச்சு.

இதுல ஒரு கணக்கு இருக்கு. இந்த மாதிரி ரெசிஸ்டர்ல கடைசி எண் எத்தனை பூஜ்யம்னு சொல்லும். 510-ன்னா 51-க்குப் பின்னாடி பூஜ்யமே இல்ல, 51 ஓம். 511-ன்னா 51-க்குப் பின்னாடி ஒரு பூஜ்யம், 510 ஓம். அங்க இருக்க வேண்டியது 49.9 ஓம் (நல்ல போர்டுல 49ஆர்9-ன்னு இருக்கும்), 51 போட்டாலும் ஓடும். ஈதர்நெட் கேபிள்ல ஒவ்வொரு ஜோடி வயருக்கும் 100 ஓம் டெர்மினேஷன் (சிக்னல் முட்டித் திரும்பாம முடிச்சு வைக்கிற ரெசிஸ்டர்) வேணும், 50-50-ஆ ரெண்டு சேர்ந்து அந்த 100. எவனோ ரீல் மாத்திப் போட்டு பத்து மடங்கு பெருசா ஒட்டி அனுப்பிட்டான். சிக்னல் போய் முட்டித் திரும்பி வருது, சில ரௌட்டர் சகிச்சுக்குது, சிலது சகிச்சுக்கல. இது என் ஷீல்டுக்கு மட்டும் வந்த சாபம் இல்ல, 5100 குளோன்ல (காப்பி அடிச்சு செஞ்ச விலை கம்மி ஷீல்டு) இது நல்லாத் தெரிஞ்ச குறைபாடு.

சரி பண்றது ஈஸி. கால் வாட் 100 ஓம் ரெசிஸ்டர் ரெண்டு எடுங்க, பிரவுன், கறுப்பு, பிரவுன். ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்துல கைநிறைய சில்லறைக்குக் கிடைக்கும். ஷீல்டைத் திருப்பிப் போட்டு, ஆர்ஜே45 சாக்கெட்டோட சால்டர் முனைகள்ல 1-க்கும் 2-க்கும் நடுவுல ஒண்ணு, 3-க்கும் 6-க்கும் நடுவுல இன்னொண்ணு. காலைக் குட்டையா வெட்டிடுங்க, இல்லைன்னா மேல சொன்ன யூஎஸ்பி கூட்டுல போய் இடிக்கும். பின்னு ரெண்டு வரிசையா மாத்தி மாத்தி இருக்கும், ஒரு வரிசையில ஒத்தைப்படை, இன்னொண்ணுல ரெட்டைப்படை, அதனால எண்ணும்போது நிதானமா எண்ணுங்க. ஏற்கெனவே இருக்கிற ரெண்டு 510 சேர்ந்து 1020, அதுக்கு இணையா 100 வந்தா 91 ஓம் ஆகுது, கச்சிதமா 100 இல்ல, ஆனா போதும். பழைய துண்டைக் கழட்டத் தேவையில்ல.

சால்டர் ஆறுறதுக்குள்ள கேபிளைச் சொருகிப் பாத்தேன். லைட்டு கல்லு மாதிரி நின்னு எரிஞ்சுது.

கரண்ட் போய் வந்தா மட்டும் ஓடாது

மேசையில நல்லா ஓடும், மாடியில கொண்டு போய் மாட்டிட்டு வந்தா, ஒரு தடவை கரண்ட் போய் வந்ததும் காணாம போயிடும், மேல ஏறிப் போய் ரீசெட் பட்டனை அமுக்குனா வந்துடும். விலை கம்மியான ஷீல்டுல இது ரொம்ப சகஜம். பவர் வந்ததும் வோல்டேஜ் மெதுவா ஏறும், அதுக்குள்ள சிப்பு அரைகுறையா எழுந்து குழம்பி நிக்கும். ஒழுங்கான ஷீல்டுல இதுக்குன்னே தனி ரீசெட் சிப்பு இருக்கும், குளோன்ல காசு மிச்சம் பண்ண எடுத்துடுவாங்க.

முதல்ல செலவில்லாத வைத்தியம்: பிகினுக்கு முன்னாடி ரெண்டு செகண்டு டிலே, பிகின் தோத்தா அப்படியே நின்னுடாம பத்து செகண்டு கழிச்சு திரும்ப முயற்சி. (எக்ஸாம்பிள் கோட்ல தோத்தா முடிவில்லாத லூப்ல மாட்டி நிறுத்தி வச்சிருப்பாங்க, அதை அப்படியே காப்பி அடிச்சா மாடி ஏறிக்கிட்டேதான் இருக்கணும்.) கரண்ட் வந்ததும் ஊனோ ரெண்டு செகண்டுல ரெடி, ரௌட்டர் எழுந்திருக்க ஒரு நிமிஷத்துக்கு மேல ஆகும்ங்கிறதையும் மறக்காதீங்க, இந்த மறுமுயற்சி அதுக்கும் சேர்த்துதான்.

அதுக்கும் மசியலைன்னா ரீசெட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவுல 10 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒண்ணு, மைனஸ் கால் கிரவுண்டுக்கு. ஊனோவுல ரீசெட்டை மேல இழுக்குற 10கே ரெசிஸ்டர் இருக்கு, ரெண்டும் சேர்ந்து 0.1 செகண்டு அளவுக்கு ரீசெட்டைப் பிடிச்சு வைக்கும், அதுக்குள்ள வோல்டேஜ் நிலைச்சுடும். ஒரே தொல்லை, கெபாசிட்டர் இருக்கிற வரைக்கும் புது கோடு ஏறாது, கம்ப்யூட்டர் அனுப்புற ரீசெட் துடிப்பை அது விழுங்கிடும். கோடு ஏத்தும்போது கழட்டிடுங்க. 5500 மாட்யூல்காரங்களுக்கு இந்தக் கஷ்டம் இல்ல, ஆர்எஸ்டி பின்னை ஊனோவோட ஏதாவது ஒரு பின்னுல மாட்டி, செட்டப்ல லோ பண்ணி, கொஞ்சம் நேரம் விட்டு ஹை பண்ணி, அரை செகண்டு கழிச்சு பிகின் கூப்பிட்டா முடிஞ்சுது.

ஐபியும் மேக்கும்

எக்ஸாம்பிள் கோட்ல வர்ற மேக் அட்ரஸ் டிஇ ஏடி பிஇ இஎஃப் எஃப்இ இடி, சேர்த்துப் படிச்சா டெட் பீஃப் ஃபீட், யாரோ சிரிச்சுக்கிட்டே வச்சது. ஒரு போர்டுக்கு ஓகே. ரெண்டாவது போர்டுக்கும் அதையே காப்பி பண்ணா ரெண்டும் மாறி மாறி காணாம போகும். கடைசி எண்ணை மாத்துங்க. முதல் எண்ணை மாத்துறீங்கன்னா ஜாக்கிரதை, அது ஒத்தைப்படையா இருக்கக் கூடாது, இருந்தா அது மல்டிகாஸ்ட்னு (ஒரு கூட்டத்துக்கே போற அட்ரஸ்னு) அர்த்தம் ஆயிடும், யாரும் பதில் சொல்ல மாட்டாங்க.

நிலையான ஐபி கொடுக்கிறவங்க எக்ஸாம்பிள்ல இருக்கிற 192.168.1.177-ஐ கண்ணை மூடிக்கிட்டுப் போடாதீங்க. உங்க லேப்டாப் ஐபி 192.168.0-ன்னு ஆரம்பிச்சா அது வேற தெரு, பாத்துக்கவே முடியாது. முதல் மூணு எண்ணு லேப்டாப்போட ஒத்துப் போகணும், நாலாவது எண்ணு ரௌட்டர் டிஹெச்சிபியில கொடுக்கிற வரிசைக்கு வெளியில இருக்கணும், இல்லைன்னா ஒருநாள் யாரோ விருந்தாளி போனுக்கு ரௌட்டர் அதே எண்ணைக் கொடுத்துடும். எனக்குப் பிடிச்ச வழி, போர்டு டிஹெச்சிபியிலயே கேக்கட்டும், ரௌட்டர்ல அந்த மேக்குக்கு ஒரு எண்ணை ரிசர்வ் பண்ணிடுறது.

டிஹெச்சிபி போட்டா லூப்ல மெயின்டெய்ன் கூப்பிட மறக்காதீங்க. ரௌட்டர் ஐபியை வாடகைக்குத்தான் கொடுக்குது, நிறைய வீட்ல ஒரு நாள் வாடகை. புதுப்பிக்கிற வேலையைப் பண்றது மெயின்டெய்ன்தான். "சரியா ஒரு நாள் ஓடுது, அப்புறம் நின்னுடுது"ன்னு யாராவது சொன்னா நான் மொதல்ல கேக்குறது இதைத்தான்.

பிங்

லேப்டாப்ல இருந்து போர்டு ஐபிக்கு பிங் அடிங்க, அதாவது இருக்கியான்னு கேட்டு பதில் வருதான்னு பாருங்க. விஸ்நெட் சிப்புல ஒரு அழகு இருக்கு, பிங்குக்கு சிப்பே பதில் சொல்லிடும், ஊனோவைக் கேக்காது. உங்க கோடு எங்கயாவது லூப்ல மாட்டித் தொங்கிக்கிட்டு இருந்தாலும் பிங் வரும். அதனால பிங் வருது, பேஜ் வரலைன்னா இப்போதான், இப்போதான், கோடைத் திறக்கலாம். பிங்கே வரலைன்னா திரும்ப கீழ போங்க. ஈஎன்சிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்க பிங்குக்கும் ஊனோதான் பதில் சொல்லணும்.

கடைசியா கோடு

மூணு நாலு தடவை பேஜ் வந்துட்டு அப்புறம் நின்னு போச்சுன்னா கிளையண்ட் ஸ்டாப் (கனெக்ஷனை மூடுற வரி) எங்கயோ விட்டுப் போச்சு. 5100-ல மொத்தம் நாலே சாக்கெட் (இங்க சாக்கெட்னா ஒரே நேரத்துல திறக்கக்கூடிய கனெக்ஷன்), 5500-ல எட்டு இருந்தாலும் ஊனோ மாதிரி மெமரி கம்மியான போர்டுல லைப்ரரி நாலைத்தான் எடுத்துக்கும். ஒவ்வொண்ணா மூடாம விட்டா நாலாவதுல கதை முடிஞ்சுது. நடுவுல ஏதாவது இஃப்ல ரிட்டர்ன் ஆகுற வழி இருக்கான்னு பாருங்க, பெரும்பாலும் ஸ்டாப் தப்பிப் போறது அந்த வழியாத்தான்.

பேஜை ஒரு தடவை திறந்தா கவுண்டர் ரெண்டு ஏறுதுன்னு என்கிட்ட ஒருத்தர் சண்டைக்கே வந்தார். பேய் இல்ல, பிரவுசர் டேபுல போடுற குட்டி ஐகானுக்காக ஃபேவ்ஐகான்னு இன்னொரு ரிக்வெஸ்ட் அனுப்புது. முதல் வரியைப் படிச்சுப் பாத்து அதுன்னா சும்மா 404 அனுப்பி மூடிடுங்க. மோட்டாரை ஆன் பண்ற லிங்க் வச்சிருந்தீங்கன்னா இதைக் கண்டிப்பா பண்ணுங்க, எந்த ரிக்வெஸ்ட் வந்தாலும் டாகிள்னு எழுதுனா மோட்டார் ஆன் ஆகி உடனே ஆஃப் ஆகும்.

மெமரி. ஊனோவுல (ஆர்3 வரைக்கும்) ரேம் 2048 பைட்டுதான். ஈதர்நெட்டும் எஸ்டி லைப்ரரியும் சேர்த்துப் போட்டாலே பெரும்பங்கு காலி, எஸ்டிக்கு மட்டும் 512 பைட்டு பஃபர் வேணும். ஹெச்டிஎம்எல் வரிங்களை பிரிண்ட் பண்றப்போ எல்லாம் எஃப் மேக்ரோவுக்குள்ள போடுங்க, அப்போ அது ரேமுக்கு வராம ஃபிளாஷ்லயே இருக்கும். ஸ்டிரிங் ஆப்ஜெக்ட்டைக் கூட்டிக் கூட்டி பேஜ் கட்டாதீங்க, ரேம் துண்டு துண்டா உடைஞ்சு ரெண்டு நாள் கழிச்சு காரணமே இல்லாம தொங்கும். சீரியல்ல கிறுக்கல் எழுத்து வந்தாலோ போர்டு தானா ரீஸ்டார்ட் ஆனாலோ முதல் சந்தேகம் ரேம் மேலதான்.

தொங்குனா தானா எழுந்திருக்கட்டும்னு வாட்ச்டாக் (தொங்குனா போர்டை ரீசெட் பண்ற டைமர்) போடுறது நல்ல ஐடியாதான், ஆனா ஊனோவுல அது அதிகபட்சம் 8 செகண்டு, பிகின் ஐபிக்காக 60 செகண்டு வரைக்கும் காத்திருக்கும். வாட்ச்டாகை முதல்ல போட்டுட்டு பிகின் கூப்பிட்டா, ரௌட்டர் மெதுவா எழுந்திருக்கிற ஒவ்வொரு தடவையும் போர்டு தன்னைத்தானே கொன்னுக்கிட்டே இருக்கும். பிகின் முடிஞ்ச பிறகு ஆன் பண்ணுங்க, மறுமுயற்சி பண்றதுக்கு முன்னாடி ஆஃப் பண்ணுங்க.

வெளிய இருக்கிற சைட்டுக்கு டேட்டா அனுப்புறவங்களுக்கு ரெண்டு வரி: ஊனோவால ஹெச்டிடிபிஎஸ் பேச முடியாது, 80-ஆம் போர்ட்ல போனா 301-னு திருப்பி விட்டா உங்க கோடு சரிதான், சைட்டுதான் மாறிடுச்சு. 400 வந்தா ஹோஸ்ட் ஹெடரும் கடைசியில காலி வரியும் போட்டீங்களான்னு பாருங்க.

செத்துப்போச்சான்னு எப்போ முடிவு பண்றது

பவர் சரி, சொருகல் சரி, கார்டு கழட்டியாச்சு, காலி ஸ்கெட்ச்தான் ஓடுது, ரீசெட்டும் கொடுத்தாச்சு, இன்னும் ஒரு செகண்டுக்குள்ள நோ ஹார்ட்வேர்னு (ஹார்ட்வேர்ஸ்டேட்டஸ் 0) வருதுன்னா, ஷீல்டை வேற ஊனோவுல மாட்டிப் பாருங்க, வேற ஷீல்டு இருந்தா இந்த ஊனோவுல மாட்டிப் பாருங்க. ரெண்டு சோதனையும் ஒரே ஆளைக் கைகாட்டுனா அவன்தான். அதுக்கு முன்னாடி ஷீல்டுல இருக்கிற ரெகுலேட்டர்ல 3.3 வோல்ட் வருதான்னு ஒரு தடவை தொட்டுப் பாத்துடுங்க, சிப்பு நல்லா இருந்து ரெகுலேட்டர் மட்டும் போயிருந்தா பத்து ரூபா வேலைதான்.

மாடி வரைக்கும் வெட்டவெளியில கேபிள் இழுத்திருக்கிறவங்க இடி மழை நேரத்துல ரெண்டு முனையையும் கழட்டிடுங்க. என் முதல் ஷீல்டு, அந்த ரெசிஸ்டர் ரெண்டும் ஒட்டி ஒன்றரை வருஷம் சமத்தா ஓடுனது, ஒரு ஐப்பசி ராத்திரி மின்னலோட போச்சு. ரௌட்டர்லயும் ஒரு போர்ட் கூடவே போச்சு. இப்போ இருக்கிறது 5500, நடுவுல ரௌட்டருக்கு முன்னாடி ஒரு பழைய சுவிட்சை வச்சிருக்கேன், அடுத்த தடவை போறதா இருந்தா அது போகட்டும்.